உஷார்! கூரை திறக்கும் காருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அருப்புக்கோட்டையில் மில்லும் தறியும் வைத்திருக்கிறவர்களுக்கும், சிங்கப்பூரிலும் துபாயிலும் உழைத்துச் சேர்த்த பணத்தோடு திருச்சுழிப் பக்கம் திரும்பப்போகிற தம்பிகளுக்கும் இதை அவசரமாக எழுதுகிறேன். பட்டனை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் சொகுசுக் கார் ஒன்றை வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே படியுங்கள்.

என் அக்கா மகன் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். இரண்டு பேர் உட்காரும் கன்வர்ட்டிபிள் கார் ஒன்றைப் பெருநகரத்து வியாபாரி ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கினான். ஒரு வருஷ வாரண்டி என்று தனியாகப் பணமும் கட்டினான். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குக் கூரையைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். பாதி வழியில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் போன் வந்தது.

"மாமா, மேல மூட மாட்டேங்குது. பாதியிலேயே நிக்குது."

"ஓரமா நிறுத்துப்பா, இந்தா வந்துட்டேன்."

நான் போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கூரை செங்குத்தாக நடுவானத்தில் நிற்கிறது. கையால் அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயம். பக்கத்துத் தோட்டத்தில் வைக்கோல் படப்புக்கு மூடியிருந்த தார்ப்பாயை வாங்கிப் போர்த்திக் கயிற்றால் கட்டினோம். சீட்டுக்கு அடியில் தண்ணீர் கட்டி நின்றது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் எதிரே இருந்த எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்தது, வண்டி உயிர் பெறவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

ஐந்து நாள் கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. கூரையின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் புழுதியாலும் சருகாலும் அடைத்திருந்தனவாம். வடியாத தண்ணீர் கூரையைத் தூக்கும் பம்பு இருக்கும் பள்ளத்தில் தேங்கி மோட்டார் கருகிவிட்டது. அதோடு ஒரு கண்ட்ரோல் யூனிட்டும் நனைந்துவிட்டது. "இது வெளிக் காரணம் சார், வாரண்டியில் வராது." பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எஸ்டிமேட் தொகையைப் பார்த்துவிட்டு என் அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வகைக் காரில் கூரை என்பது தனியாக ஒரு இயந்திரம். மின்சார மோட்டார் ஒரு ஹைட்ராலிக் பம்பை ஓட்டுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு குழாய்களில் அனுப்புகிறது. சிலிண்டர்கள் கூரையின் கம்பிகளைத் தூக்கி மடக்குகின்றன. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று சிறு சிறு சுவிட்சுகளும் சென்சார்களும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்று பொய் சொன்னாலும் போதும், கூரை நின்ற இடத்தில் நின்றுவிடும். கண்ணாடியும் கதவும் ஒட்டும் இடமெல்லாம் ரப்பர். சாதாரணக் காரில் தலைக்கு மேல் ஒரே தகடு. அது பழுதாகாது, ஒழுகாது. இதிலோ ஓட்டுகிறவரின் தலைக்கு மேலேயே அத்தனை பாகங்கள் பழுதாகக் காத்திருக்கின்றன.

ஐரோப்பாவின் மிதமான வெயிலுக்கும் சுத்தமான சாலைக்கும் வடிவமைத்த அந்த இயந்திரத்தை நாம் கொண்டுவந்து நிறுத்துவது எங்கே? கரிசல் காட்டில். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண், ஐப்பசி கார்த்திகையில் களியாகிச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிற மண். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற வெள்ளைப் புழுதி. மதுரை – தூத்துக்குடி நாலு வழிச்சாலையை விட்டு இறங்கி ரெட்டியபட்டிக்கோ நரிக்குடிக்கோ திரும்பிவிட்டால் வேகத்தடையும் பள்ளமும்தான். தரைக்கும் வண்டிக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லாத கார் அது. டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் உயரம். ஒரு குழியில் இறங்கினால் டயரில் கொப்புளம் போட்டுவிடும். அந்த டயரும் வாரண்டியில் வராது. பல மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது.

எலியைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. வயற்காட்டு ஓரத்து வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற கார் என்றால் எலி உள்ளே குடியேறிவிடும். வயரைக் கடித்தால் அதற்கும் வாரண்டி கிடையாது. ஓட்டாமல் நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும். பேட்டரி இறங்கினால் இந்தக் கார்களின் எலக்ட்ரானிக்ஸ் இல்லாத கோளாறையெல்லாம் காட்டும். அதைப் படிக்கிற ஸ்கேனர் நம்மூர் மெக்கானிக்கிடம் இருக்காது. எவ்வளவு கைதேர்ந்தவர் ஆனாலும் அவர் கை வைத்தால் "வெளியாள் பிரித்திருக்கிறார்" என்று சொல்லி வாரண்டியை மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். சில கம்பெனிகளுக்கு மதுரையில் கடை உண்டு. இல்லாதவற்றுக்குக் கோவை, சென்னை, பெங்களூருதான். ரெக்கவரி வண்டி வாடகையைக் கம்பெனி தருமா, எத்தனை கிலோமீட்டர் வரை தரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாரண்டிக்கு வருகிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர், வண்டி கெட்டுப்போனால் வேறு வண்டி தருவார்கள் என்பதுதான் வாரண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படி இல்லை. கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்து தருகிறேன், அல்லது அந்தப் பாகத்தை மாற்றித் தருகிறேன் என்பது மட்டுமே அந்தக் காகிதத்தில் இருக்கிற வாக்குறுதி. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாரண்டி பாகத்துக்குத்தான் என்றால், முழுக் காரையும் மாற்றிக் கொடு என்று அதை வைத்துக் கேட்க முடியாது. ஆகவே ஒரே கோளாறுக்கு ஏழு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், "வாரண்டிப்படி செய்துகொண்டுதானே இருக்கிறோம்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கலாம். நீங்களும் வண்டியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கலாம்.

பெரிய கம்பெனி, பெரிய விலை, ஆகவே பெரிய பொறுப்பு என்று நம்புகிறவர்கள் ஹைதராபாத் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜி.வி.ஆர். இந்தியா ப்ராஜெக்ட்ஸ் என்ற நிறுவனம் 2009 செப்டம்பர் 25 அன்று பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. கூரை திறக்கும் கார் அல்ல, ஆனால் அந்தக் கம்பெனியின் உச்ச வரிசைக் கார். நாலே நாளில், செப்டம்பர் 29 அன்று, கோளாறு தெரிந்தது. ஒர்க்‌ஷாப் போய் வந்தது. நவம்பர் 13 அன்று திரும்பவும் அதே மாதிரிக் கோளாறு. வாங்கியவர்கள் போலீசில் ஏமாற்று வழக்கே கொடுத்தார்கள். 2012இல் ஆந்திர உயர்நீதிமன்றம், இது ஏமாற்றுக் குற்றம் ஆகாது என்று வழக்கை ரத்து செய்தது. ஆனால் பழைய காருக்குப் பதிலாகப் புதுக் கார் கொடு என்றது. கம்பெனி தர முன்வந்தது. வாங்கியவர்கள் புதுக் கார் வேண்டாம், பணத்தை வட்டியோடு கொடு என்றார்கள். அதற்குப் பிறகு வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் கிடந்தது. 2024 ஜூலை 10 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மொத்தமாக 50 லட்ச ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னது. நாலாம் நாள் தெரிந்த கோளாறுக்குப் பதினைந்தாவது வருஷம் தீர்வு. கார் வாங்கிய அந்த நிறுவனத்துக்கு வக்கீல் வைத்துப் பதினைந்து வருஷம் காத்திருக்கிற பலம் இருந்தது. பருத்திக் கமிஷன் கடையும் நாலு ஏக்கர் காடும் வைத்திருக்கிறவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்?

அதே மாதத்தில் அதற்கு முந்தின நாள் இன்னொரு தீர்ப்பும் வந்தது. நம்மூர் மில்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கன்ட்ரோல்ஸ் அண்ட் சுவிட்ச்கியர் என்ற நிறுவனம் தன் டைரக்டருக்காக மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கியிருந்தது. ஓட்டும்போது காரின் நடுப்பகுதி தாங்க முடியாமல் சூடேறியது. பழுது பார்த்தும் சூடு குறையவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் வாங்கியவர் பக்கம் உத்தரவிட்டது. கம்பெனி மேல்முறையீடு போனது. 2024 ஜூலை 9 அன்று சுப்ரீம் கோர்ட் 36 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லி முடித்தது. இடையில் போன பதினேழு வருஷத்தில் பெரிய வாதம் என்ன தெரியுமா? கம்பெனி பெயரில் வாங்கியதால் இது வணிகத்துக்காக வாங்கியது, ஆகவே நீ நுகர்வோரே அல்ல என்பது. டைரக்டரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் நுகர்வோர்தான் என்று கோர்ட் முடிவு சொல்லிவிட்டது, நல்லது. ஆனாலும் தேய்மானக் கணக்கில் வரி மிச்சம் என்று ஆடிட்டர் சொன்னதைக் கேட்டு மில் பெயரில் காரை எழுதுகிறவர்கள், நாளை வழக்கு என்று வந்தால் இந்த முதல் கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். போர்ஷே பாக்ஸ்டர் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கன்வர்ட்டிபிள். அதன் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற சாமான், தேய்ந்து உடைந்தால் எஞ்சின் முழுவதும் நொறுங்கிவிடும். பலருக்கு வாரண்டி முடிந்த பிறகு அது உடைந்தது. அமெரிக்காவில் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக 2013இல்தான் சமரசம் வந்தது. அந்த நாட்டில் குறைபாடுள்ள காருக்கென்றே 'லெமன் சட்டம்' உண்டு. சிங்கப்பூரில்கூட 2012 செப்டம்பர் 1 முதல் அந்த மாதிரிச் சட்டம் இருக்கிறது: கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரிகிற கோளாறு, கொடுக்கும்போதே இருந்த கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் வேலை. அங்கே இருந்து பழகி வந்த தம்பிகள் இங்கேயும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. உற்பத்தியிலேயே கோளாறு என்று நிரூபிக்கிற பாரம் வாங்கியவர் தலையில்தான்.

விலையைப் பற்றி ஒரு விஷயம். இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவை முழு வண்டியாகவே கப்பலில் இறங்குகின்றன. சுங்க வரியே காரின் மதிப்புக்கு மேல். அதன் மேல் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். அதன் மேல் தமிழ்நாட்டு ஆயுட்கால வரி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். ஆக நீங்கள் கொடுக்கிற பணத்தில் பாதிக்கு மேல் வரி. வண்டி சொத்தையாக இருந்தாலும் அந்த வரி போனது போனதுதான். பாகங்களும் அப்படியே இறக்குமதி ஆகி வருகிறவை. வர வாரக்கணக்கில் ஆகும்.

இவ்வளவும் தெரிந்தும் வாங்கத்தான் போகிறேன் என்கிறவரை நான் தடுக்க முடியாது. ஆசை அவரவர் சம்பாத்தியம். ஆனால் ஒன்றைச் செய்யுங்கள்: முதல் நாளிலிருந்து காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்குகளில் ஜெயித்தவரையும் தோற்றவரையும் பிரிப்பது பெரும்பாலும் காகிதம்தான்.

வண்டியை எடுக்கும் நாளில் ஷோரூம் வாசலிலேயே கூரையைப் பத்துத் தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். வீடியோ எடுங்கள். கூரையை மூடி, வாட்டர் வாஷில் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துவிட்டுக் கால் வைக்கிற விரிப்பின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். மாலை போட்டு போட்டோ எடுக்கிற அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு முறை சர்வீஸுக்குப் போகும்போதும் நீங்கள் சொன்ன கோளாறை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஜெனரல் செக்கப் பிறகு கோர்ட்டில் "வாடிக்கையாளர் எந்தக் குறையும் சொல்லவில்லை" என்று மாறி நிற்கும். போனில் பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்புங்கள். கோளாறு திரும்பவும் வந்தால், ஆட்டோமொபைல் துறை உள்ள பொறியியல் கல்லூரியிலோ தகுதியுள்ள நிபுணரிடமோ சோதித்து அறிக்கை வாங்குங்கள். பழுது உற்பத்தியிலேயே உள்ளது என்று சொல்ல நிபுணர் கருத்து இல்லாமல் தோற்றுப்போன வழக்குகள் ஏராளம். நுகர்வோர் ஆணையமும் தானே சோதனைக்கு அனுப்பலாம், அதைக் கேட்டு மனுப் போடுங்கள்.

இரண்டு வருஷம். இந்தக் கெடுவை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். "அடுத்த சர்வீஸில் சாஃப்ட்வேர் வருது சார், சரியாகிடும்" என்று இழுத்துக்கொண்டே போகிறவர்களுக்கு இந்தக் கெடு நன்றாகவே தெரியும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு மடங்கு உஷார் தேவை. கம்பெனி வாரண்டி மீதி இருக்கிறது என்று வியாபாரி சொன்னால், சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனியிடமே மெயிலில் கேளுங்கள். உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவே வழியில்லை, சிவில் கோர்ட்தான். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நாலைந்து வருஷத்துக்கு முந்தின இறக்குமதிக் காரின் ரப்பர் குழாய்கள் அதைத் தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸிலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்க்காமல் இந்தக் காரை ரோட்டில் இறக்கக் கூடாது.

எங்கே போய் முறையிடுவது என்று என் மருமகன் கேட்டான். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. கார் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதன் அமர்வு மதுரையில் உண்டு. அதற்கும் மேலே என்றால் டெல்லிதான். கட்டணம் பெரிதில்லை, 1 கோடி ரூபாய்க் காருக்கே 2,000 ரூபாய். மூன்று மாதத்தில், சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படி முடிவது அபூர்வம் என்றாலும் முதல் அடியை எடுத்து வைக்க அது போதும். விற்ற வியாபாரி, வாரண்டி கொடுத்தவர், தயாரித்த கம்பெனி மூன்று பேரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கை காட்டித் தப்பித்துவிடுவார்.

என் மருமகன் கார் 35 லட்சத்துக்கும் கீழே. ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுப்பதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கார் இன்னும் சர்வீஸ் சென்டரில் நிற்கிறது. தார்ப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இந்த மாதத்தில் இப்படி ஒரு கார் எடுக்கப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து இதை அவர் கையில் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு இன்றைக்கே போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம்.